எண்ணெய்ச் சாமியின் வலது கை

மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற சாலையில் இருக்கும் ஜோதி தரிசனம் ஆன்மிகப் பூங்காவின் ஏழாவது மண்டபத்தில், ஒன்பது அடி உயரத்துக்கு உட்கார்ந்திருந்த ஜோதி மகரிஷியின் வலது கை, பூங்கா திறந்த நாற்பத்தொன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை முதல், தினமும் இரண்டு நூல் கீழே இறங்கத் தொடங்கியது. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம் என்பது தச்சு வேலைக்காரர்களின் அளவு. சிலை பைபரில் செய்தது, உள்ளே வெறும் கூடு. தோளுக்கு நேராக உயர்ந்து ஆசி வழங்கிக்கொண்டிருந்த கை சித்திரை விசுவுக்கு மார்புக்கு வந்தது. வைகாசி விசாகத்துக்கு வயிற்றுக்கு வந்தது. ஆனி முடிவில் முழங்காலுக்கு வந்து நின்றபோது, ஜனங்களைப் பார்த்து விரிந்திருந்த உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பி, எதையோ ஏந்துவதுபோலக் குவிந்திருந்தது. மறுநாள் காலையில் அதில் கால் லிட்டர் நல்லெண்ணெய் இருந்தது. செக்கில் ஆட்டிய எண்ணெய் என்பது வாசனையிலேயே தெரிந்தது.

முதலில் இதைக் கவனித்தவர் அந்த மண்டபத்தில் மைக் பிடித்துக் கதை சொல்லும் குற்றாலீஸ்வரன். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சிலைக்குப் பின்னாலிருந்த சுவரில் பென்சிலால் தினமும் ஒரு கோடு போட்டு வந்தார், அவ்வளவுதான். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குத்துக்கல்வலசையில் வீடு. இந்த வேலைக்கு வருவதற்கு முன் இருபத்தாறு வருஷம் மெயின் அருவிக்கரையில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர். சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது முதுகு தேய்த்த காலமும் உண்டு. வலது மணிக்கட்டு தேய்ந்து, டம்ளரைத் தூக்கினால்கூடக் கை நடுங்கத் தொடங்கியபோது, வேறு தொழில் தெரியாமல் ஆறு மாதம் வீட்டில் இருந்தார். குரல் நன்றாக இருக்கிறது, ஊரும் தெரிந்திருக்கிறது என்று பூங்காவில் சேர்த்துக்கொண்டார்கள். காவி ஜிப்பா கொடுத்தார்கள், பதினோரு நிமிஷத்துக்கு ஓடும் ஒரு கதையையும் அச்சடித்துக் கொடுத்தார்கள். மகள் குழல்வாய்மொழி அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். அந்தக் கதையை ஐந்தே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்.

பூங்காவைக் கட்டிய கோமதிசங்கரை ஏமாற்றுக்காரர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. தென்காசியில் சிமெண்டும் கம்பியும் விற்றவர். சோமவாரம் தவறாமல் விரதம் இருப்பவர். அருவியில் குளிக்க வருகிற ஜனம் நாலு பெரியவர்களின் வரலாற்றையும் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் பதினான்கு மண்டபம் கட்டினார். யானைமேல் அரசர் வருகிற மண்டபம், முனிவர்கள் கண் சிமிட்டுகிற மண்டபம், பொத்தானை அமுக்கினால் இடி இடித்து மழை பெய்கிற மண்டபம் எல்லாம் உண்டு. கதைகளை எழுத மூன்று பேர் கொண்ட வரலாற்றுக் குழு ஒன்று வைத்தார். அவர்கள் சென்னையில் உட்கார்ந்து எழுதினார்கள். அதன்படி ஜோதி மகரிஷி இமயத்தில் ஓர் அரச குடும்பத்தில் பிறந்தார், முடியைத் துறந்து தெற்கே வந்தார், நானூறு வருஷம் அன்ன ஆகாரம் இல்லாமல் தவம் செய்தார், மானிடர் எவரையும் தீண்டாத தூய்மையோடு வாழ்ந்து ஒரு பௌர்ணமியில் ஒளியாகி அருவிக்குள் கலந்தார்.

எண்ணெய் தேய்க்கிறவர்கள் அவரை எண்ணெய்ச் சாமி என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த கதை ஐந்து வரிக்கு மேல் போகாது. எந்த ஊர் என்று தெரியாத ஒருவர் அருவிக்கரைக்கு வந்தார். தோல் வியாதிக்காரர்கள் அருவித் தண்ணீர் பட்டால் குணமாகும் என்று நம்பி வந்து, எண்ணெய் தேய்த்துவிட ஆள் கிடைக்காமல் கரையில் நிற்பார்கள். அவர்களுக்கு அவர் தேய்த்துவிட்டார். கடைசியில் அவருக்கும் அந்த வியாதி வந்தது. அவருக்கு யார் தேய்த்துவிட்டார்கள் என்பது கதையில் இல்லை. அவர் நினைவாக அருவிக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. தனியாக வருகிற ஒருவருக்கு அன்றைய முதல் கை எண்ணெயைக் காசு வாங்காமல் தேய்த்துவிட்ட பிறகுதான் தொழிலைத் தொடங்குவார்கள். சாமி கை என்று அதற்குப் பெயர். குற்றாலீஸ்வரன் இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை. கரையில் ஒரு பாறை இடுக்கில் முழ உயரத்துக்கு எண்ணெய்ச் சாமியின் சிலை ஒன்றும் இருந்தது. வலது கை முழங்காலுக்குப் பக்கத்தில் தாழ்ந்து குவிந்திருக்கும். அதைப் போட்டோ எடுத்து மாமல்லபுரத்துச் சிற்பிக்கு அனுப்பினார்கள். சிற்பி கெட்டிக்காரர். கை உடைந்து கீழே தொங்கிவிட்டது என்று அவரே முடிவு செய்து, சாஸ்திரப்படி உயர்த்தி, அபய முத்திரையாகத் திருத்தி அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. நுழைவுச்சீட்டிலும், தென்காசி பஸ் ஸ்டாண்டு தட்டியிலும், ஆட்டோக்களின் முதுகிலும் அந்தக் கைதான்.

ஆகவே கை இறங்கியது பெரிய விஷயமாயிற்று. அந்த சீசன் முழுக்கப் பட்டுத்துண்டு போர்த்தி மறைத்தார்கள். வெயிலுக்கு பைபர் இளகியிருக்கும் என்றார் ஓர் எஞ்சினியர். புரட்டாசியில் கையை அறுத்து, உள்ளே முக்கால் இஞ்ச் கம்பி வைத்து, மறுபடி உயர்த்தி ஒட்டினார்கள். இந்த முறை கம்பியும் வளைந்து சேர்ந்தே இறங்கியது. மேனேஜர் சுபாஷ் கேமரா வைத்துப் பார்த்தார். கடிகாரத்தில் சின்ன முள் நகர்வதை எப்படிப் பார்க்க முடியாதோ அப்படித்தான் இருந்தது. நகர்ந்தது தெரிகிறது, நகர்வது தெரியவில்லை. கேமராவில் தெரிந்ததெல்லாம் சுவரில் பென்சில் கோடு போடும் குற்றாலீஸ்வரன்தான்.

“அண்ணாச்சி, இது என்ன கோடு?” என்று கேட்டார் சுபாஷ்.

“அளவு பாக்கேன் சார்.”

“எட்டு மாசமா அளவு பாக்கீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“என்னத்தச் சொல்ல? சாமி கைய இறக்குதாருன்னு சொன்னா, நீரு மொதல்ல என் வாயத்தான் மோந்து பாப்பீரு.”

கார்த்திகையில் குற்றாலீஸ்வரன் மாலை போட்டு மலைக்குப் போன எட்டு நாளும் கை அசையவில்லை. மூன்றாவதான யானை மண்டபத்தில் கதை சொல்லும் மாடன் அந்த எட்டு நாளும் இங்கே வந்து கதை சொல்லியிருந்தார். சுபாஷுக்கு விடை கிடைத்துவிட்டது. மாடனையே ஏழாவது மண்டபத்தில் நிறுத்திவிட்டு, குற்றாலீஸ்வரனை வாசலில் சீட்டுக் கிழிக்க அனுப்பினார். பன்னிரண்டு நாள் நிம்மதியாகக் கழிந்தது. பதின்மூன்றாம் நாள் டீக்கடையில் மாடன், “ஏம்வே, அது யாரு மெய்யாலுமே? ஒமக்குத் தெரிஞ்சிருக்குமே” என்று கேட்டார். குற்றாலீஸ்வரன் ஐந்து வரியையும் சொன்னார். அன்று மத்தியானம் மாடன் கதை சொல்லி முடித்துப் பார்த்தபோது கை இரண்டு நூல் இறங்கியிருந்தது. மாடன் மைக்கை வைத்துவிட்டு நேராகச் சுபாஷிடம் போய், இனிமேல் யானை மண்டபத்தைத் தவிர எங்கேயும் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உண்மை தெரியாதவர் அச்சடித்த கதையைச் சொன்னால் சிலைக்கு ஒன்றும் இல்லை, தெரிந்தவர் சொன்னால்தான் கை தாழ்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதற்குள் அந்த ஐந்து வரி டீக்கடையிலிருந்து பூங்கா முழுக்கப் பரவி, தோட்டக்காரர் வரைக்கும் தெரிந்திருந்தது. “ஒரு டீக்கு மொத்த ஸ்டாப்பையும் கெடுத்துட்டீங்களே அண்ணாச்சி” என்றார் சுபாஷ். வேறு வழியில்லாமல் குற்றாலீஸ்வரன் பழைய இடத்துக்கே திரும்பி வந்தார்.

மாசியில் கை மறுபடி முழங்காலுக்கு வந்து எண்ணெய் ஊறியது. கோமதிசங்கர் புதுச் சிலைக்கு ஆர்டர் கொடுத்தார். ஆடியில் ஒரு மடத்துப் பெரியவர் பூங்காவுக்கு எழுந்தருளுவதாக ஏற்பாடு. புதுச் சிலை அதற்கு முதல் நாள் வந்து இறங்கியது. வெயிலுக்கு இளகாத ரெசின், உள்ளே தோள்முதல் விரல்வரை எஃகு. கிரேன் போன பிறகு கோமதிசங்கர் குற்றாலீஸ்வரனை மண்டபத்துக்குள் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

“இங்க பாரும்வே. ஒம்ம கதை எனக்கும் தெரியும். மெயின் அருவியில எனக்கே தேய்ச்சுவிட்ட ஆளுதானே நீரு. பொய்யின்னு நான் சொல்லல. ஆனா முதுகு தேய்ச்சவருன்னு சொன்னா ஜனம் கும்பிடுமா? அண்ணாந்து பாத்தாத்தான் கை கூப்பும். பெரியவங்களப் பெரிசாத்தான் காட்டணும்.”

“சரி மொதலாளி.”

“நாளைக்கு அவுக முன்னால நீருதான் சொல்லணும். டேப்புல போட்டா மரியாதையா இருக்காது. எழுதிக் குடுத்தத அப்படியே சொல்லும். கை மட்டும் எறங்கிச்சுன்னா, வருத்தப்படக்கூடாது, ஜிப்பாவக் கழத்திக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரும். மண்டபத்தையே இடிச்சிருவேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் குற்றாலீஸ்வரனுக்கு நம்பிக்கை போயிற்று. வீட்டில் மனைவி தங்கத்தாயிடம் சொன்னார். குழல்வாய்மொழிக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு மிச்சம் இருந்தது. அந்த மணிக்கட்டை வைத்துக்கொண்டு அருவிக்கரைக்குத் திரும்பிப் போகவும் முடியாது. தங்கத்தாய் அரிசி களைந்துகொண்டே, “வயித்துப்பாட்டுக்குத்தான் சொல்லுதீங்கன்னு சாமிக்குத் தெரியாதா?” என்றாள்.

“தெரிஞ்சுதான கைய இறக்குது.”

“கோவத்துல இறக்குதுன்னு ஏன் நெனைக்கீங்க?” என்று கேட்டாள். கோபத்தைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்று ஒன்றரை வருஷத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து சாரல். மடத்துப் பெரியவர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. நனைந்துகொண்டு நின்ற ஜனத்தைப் பார்த்துச் சுபாஷ் ஒன்பது மணிக்கே வாசலைத் திறந்துவிட்டார். ஏழாவது மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். கடையநல்லூரிலிருந்து அப்துல் மஜீதும் அவர் மகள் ராபியாவும் மழைக்கு ஒதுங்கிக் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மஜீது இருபத்தேழு வருஷம் அரபு நாட்டில், தம்மாமில் ரோடு போட்டவர். அந்த வெயிலோ, வேறு எதுவோ, கழுத்திலிருந்து இடுப்பு வரை தோல் மீன் செதிலைப்போல் உரிந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் அரிப்பு அடங்கும் என்று யாரோ சொல்ல, விடியற்காலையிலேயே குற்றாலம் போயிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் சட்டையைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. குளிக்காமலே திரும்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண், அவருடைய கழுத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை மறுபக்கம் தூக்கி உட்கார வைத்து, “அது ஒட்டுமா?” என்று கேட்டாள்.

“ஒட்டாதுக்கா. பத்து வருசமா அவுக துணிய நான்தான் தொவைக்கேன். என் கையப் பாருங்க” என்று ராபியா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் பார்க்கவில்லை. “விடு தாயி, நாம வெளிய நின்னுக்கிடுவோம்” என்று மஜீது எழுந்தார்.

அந்த நேரத்தில்தான் குற்றாலீஸ்வரன் மைக்கைக் கையில் எடுத்தார். பெரியவர் வருவதற்கு முன் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தார். இமயத்தின் மடியில் ஓர் அரச குலத்தில் என்று ஆரம்பித்தார். கை அப்படியே இருந்தது. முடி துறந்து தென்திசை வந்து என்றார். அப்போதும் அசையவில்லை. எஃகு பிடித்துக்கொண்டது என்று அவருக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. மானிடர் எவரையும் தீண்டாத என்று சொன்னபோது, கதவை நோக்கி நடந்துகொண்டிருந்த மஜீதின் முதுகு அவர் கண்ணில் பட்டது. நனைந்த சட்டை ஒட்டி, அடியில் இருந்த தோலின் திட்டுகள் தெரிந்தன. வாக்கியம் பாதியில் நின்றது. ஜோதி மகரிஷியின் கை, அதற்கு முன்னும் பின்னும் ஒருபோதும் நடக்காதபடி, அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, லிப்ட் இறங்குவதைப்போல ஒரே சீராக முழங்கால்வரை இறங்கியது. இறங்கி முடிப்பதற்குள் உள்ளங்கை நிறைந்திருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் இதற்கு எத்தனை எச்.பி. மோட்டார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

குற்றாலீஸ்வரன் மைக்கை ஜிப்பாவில் செருகிக்கொண்டு சிலைக்கு முன்னால் கட்டியிருந்த சங்கிலியைத் தாண்டிப் போனார். அணைக்க மறந்துவிட்டதால் அவர் பேசியது மண்டபத்துக்குள்ளும், வெளியே சாலை வரையிலும் கேட்டது. “அய்யாமாரே, நான் ஒண்ணரை வருசமாச் சொன்னது தப்பு. இவரு எண்ணெய் தேய்ச்சவரு. யாரும் தொடாத முதுகத் தொட்டவரு. அவ்வளவுதான் கதை.” பிறகு சாமியின் கையிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொண்டு, “பாய், நில்லும். எங்க போறீரு? சட்டையக் கழத்திட்டு இங்கன உக்காரும்” என்றார்.

“வேண்டாம் அண்ணாச்சி. பாத்தா அருவருப்பா இருக்கும்.”

“நீரு ஒரு தாசில்தார் முதுகப் பாத்ததில்ல. அதயே தேய்ச்ச கை இது. உக்காரும்.”

மஜீது சிரித்துவிட்டார். சிரித்தபிறகு சட்டையைக் கழற்றுவது அவருக்குக் கஷ்டமாக இல்லை. வலது கை ஒத்துழைக்காததால் குற்றாலீஸ்வரன் இடது கையாலும் முழங்கையாலும் தேய்த்தார். பழைய வேகம் இல்லை. உதிர்ந்த செதில் அவருடைய ஜிப்பாவில் ஒட்டியது. ராபியா தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளையைத் தூக்கி மாற்றி உட்கார வைத்த பெண் எழுந்து வந்து, கீழே விழுந்து கிடந்த ஈரச் சட்டையை எடுத்துப் பிழிந்து, சங்கிலியின் மேல் காயப்போட்டாள்.

கோமதிசங்கர் பூரண கும்பத்தோடு மடத்துப் பெரியவரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் இரண்டு பேரும் வெளியே ஒலிபெருக்கியிலேயே கேட்டிருந்தார்கள். பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் சிலையைப் பார்த்தார், தேய்க்கிறவரைப் பார்த்தார். “இது எத்தனாவது மண்டபம்?” என்று கேட்டார். ஏழு என்றார்கள். “மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டு, மஜீதுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருப்பவர்போலக் காலை நீட்டிக்கொண்டார்.

கோமதிசங்கர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வேலை போயிற்று என்று குற்றாலீஸ்வரனுக்குத் தெரிந்துவிட்டது. தொடங்கியதை முடித்துவிட்டு ஜிப்பாவைக் கழற்றலாம் என்று அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கோமதிசங்கர் சிலையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் கண் கீழே போயிற்று. சாமியின் கையிலிருந்து பெஞ்சு வரைக்கும் கிரானைட் தரையில் எண்ணெய் சொட்டிக் கிடந்தது. ஒரு சின்னப் பிள்ளை அந்தப் பக்கமாக ஓடி வந்தது. அவர் சட்டென்று குனிந்து பிள்ளையைப் பிடித்து நிறுத்தினார். தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து, முழங்காலிட்டு, சொட்டுச் சொட்டாகத் துடைத்துக்கொண்டே பெஞ்சு வரை வந்தார். சிமெண்டு மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு, ஆனாலும் எழுந்திருக்க மஜீதின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தபிறகு கையை அவர் உடனே எடுக்கவில்லை.

“நாளைக்கு நாலஞ்சு பழைய துணி எடுத்து வையும்வே. பட்டுல தொடச்சா எண்ணெய் போவ மாட்டேங்குது” என்றார் குற்றாலீஸ்வரனிடம்.

மஜீதுக்கு வியாதி குணமாகவில்லை. அன்று இரவு அரிப்பு இல்லாமல் தூங்கினார் என்றும், வியாழக்கிழமைதோறும் வருகிறார் என்றும் ராபியா சொல்கிறாள். வேலை குற்றாலீஸ்வரனுக்கு நிலைத்தது. கதை பதினோரு நிமிஷத்திலிருந்து ஒன்றரை நிமிஷமாகச் சுருங்கிவிட்டதில் சிலருக்கு வருத்தம், கொடுத்த சீட்டுக்கு இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். பலகையில் ஜோதி மகரிஷி என்றுதான் இன்னும் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் வரலாற்றுக் குழு கூட வேண்டும், அதில் ஒருவர் இப்போது அமெரிக்காவில் இருக்கிறார். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் எண்ணெயை எடுத்துப் போய்ச் சோதித்து, தரம் நன்று, தயாரித்தவர் முகவரி இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சுபாஷ் அதற்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

இந்தத் தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மூன்றாவது மண்டபத்தைத் திறந்தபோது, யானைமேல் இருந்த அரசர் கீழே இறங்கி, யானைக்குப் பக்கத்தில் தரையில் நின்றுகொண்டிருந்தார். சுபாஷ் போய்ச் சுற்றிப் பார்த்தார். மாடனிடம், “நீங்க என்னத்தச் சொல்லித் தொலைச்சீங்க?” என்று கேட்டார். தான் ஒன்றும் சொல்லவில்லை என்றார் மாடன். ரெண்டு வருசமாத் தூக்கிக்கிட்டு நிக்கே, கால் வலிக்காதா என்று முந்தின நாள் சாயங்காலம் யானையிடம் மட்டும் கேட்டதாகச் சொன்னார். சுபாஷ் சங்கிலியை இரண்டு அடி முன்னால் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.